ஐயா சாப்பிட்டாரா?

ராஜசபேசன் சிதம்பரத்தில் முன்சீப்பாக இருந்த நாளிலிருந்து அவர் வீட்டு அடுப்படி தர்மாம்பாள் கையில்தான். மனைவி இறந்த பிறகு, அவருக்கு எது ஒத்துக்கொள்ளும், எது நெஞ்சைக் கரிக்கும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவர் சப் ஜட்ஜாகி, செஷன்ஸ் ஜட்ஜாகி, கடலூர் மஞ்சக்குப்பம் பங்களாவுக்கு வந்தபோது அவளும் கூடவே வந்தாள்.

இங்கே வந்த பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம். தூக்குத் தீர்ப்பு எழுதுகிற சாயங்காலம் சாப்பிட மாட்டார். "எனக்கு உலை வைக்காத" என்பார், அவ்வளவுதான். மறுநாள் கோர்ட்டு சேதி காதில் விழுந்துதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அதை ஒரு நாள் பால்காரி இருசம்மாளிடம் சொல்லித் தொலைத்தாள்.

அந்தப் பேச்சு காடாம்புலியூர் வரைக்கும் போய்விட்டது. அந்த ஊர் முந்திரித்தோப்புத் தகராறில் ஒருவனை வெட்டிக் கொன்றதாகப் பழனிவேல் மேல் வழக்கு. தீர்ப்புக்கு முதல் நாள் அவன் அம்மா விருத்தாம்பாள் பங்களாவின் கொல்லைக் கதவருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. ஐயாவுக்கு உலை வெச்சாச்சா?"

தர்மாம்பாள் கதவைப் பாதி சாத்தினாள். உலை வேண்டாம் என்று அவர் அப்போதுதான் சொல்லியிருந்தார்.

"போயிடு தாயி. யாராச்சும் பாத்தா எம் பொழப்பு போயிடும்."

"எங்க போறது? எம்புள்ளைக்கு இன்னும் மீசை கூட சரியா மொளைக்கல. அவுரு ஒரு வாய் தின்னாருன்னு சொல்லுங்க, போயிடறேன்."

தர்மாம்பாள் உள்ளே போய், எழுதிக்கொண்டிருந்தவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, ரெண்டு வாய் சாப்புடுங்க."

"வேணாம்னேனே."

"கொல்லையில ஒரு பொம்பள ஒக்காந்துகினு, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்குறா. அந்தப் பையனப் பெத்தவ."

பேனா நின்றது. ராஜசபேசன் அவளையே பார்த்தார். பிறகு, "இலையப் போடு" என்றார்.

அரக்கப்பரக்க வடித்துப் போட்டாள். ரசம் விட்டுப் பிசைந்து, ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீரைக் குடித்துத்தான் உள்ளே தள்ளினார். மறுசோறும் வாங்கிக்கொண்டார். தர்மாம்பாள் கொல்லைக்கு ஓடினாள்.

"சாப்பிட்டாருடீ! மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாரு!"

விருத்தாம்பாள் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "ஸ்ரீமுஷ்ணத்துல அவனுக்கு மொட்டை போடுறேங்க்கா. நீங்களும் வரணும்."

மறுநாள் பழனிவேலுக்குத் தூக்கு என்று தீர்ப்பானது.

வீடு திரும்பியவர் கோட்டைக் கழற்றுவதற்குள் தர்மாம்பாள் எதிரே வந்து நின்றாள். "சாப்பிட்டீங்களேய்யா?"

"தீர்ப்பு கோர்ட்டுலதான் தெரியணும் தர்மாம்பா. கொல்லையில இல்ல."

கொல்லையில் விருத்தாம்பாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, ஏசவில்லை. "சாப்பிட்டாருன்னு சொன்னீங்களேக்கா" என்று மட்டும் கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

பட்டணத்துப் பெரிய கோர்ட்டும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது.

அதற்குப் பிறகு ராஜசபேசன் ஒரு சாயங்காலம்கூடச் சாப்பாட்டை விடவில்லை. யாருக்கு என்ன எழுதினார் என்று இலையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெரிய கோர்ட்டிலேயே அவருக்கு ஜட்ஜ் வேலை கிடைத்ததும், "மூட்டையக் கட்டு, பட்டணம் போறோம்" என்றார்.

"நான் சிதம்பரத்துக்கே போறேங்க" என்றாள் தர்மாம்பாள். "உங்க எலையில சோறு போட இனிமே எனக்குக் கை வராது."