தண்ணீர்த் தொட்டி மேல் ராஜாளி

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவனை, குழாய் வறண்டால்தான் எவரும் நினைப்பார்கள். இதே வேலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவில், கியாக்டடாப் பேட்டையில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று என் பொறுப்பு. கரண்டு வந்தால் மோட்டார் போடுவேன். வராதபோது தொட்டி மேல் புறா எச்சம் சுரண்டுவேன்.

விருந்தாளி

ஒரு மழைக்காலம் முடிந்ததும் தொட்டி மேல் ராஜாளி ஒன்று வந்து உட்கார்ந்தது. சாம்பல் முதுகு, கறுப்பு மீசை. புறாக்கள் இடத்தைக் காலி செய்தன. ஆனால் அது தின்ற புறாவின் இறகெல்லாம் ஐந்தாம் மாடியில் காயப்போட்ட லுங்கிகள் மேல் விழுந்தது. கட்டடக் கமிட்டித் தலைவர் ஊ டின் என்னைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார். அதை நான் மறக்கவில்லை.

"மேலே கசாப்புக் கடை வைக்க யாரைய்யா உனக்கு அனுமதி கொடுத்தது?"

புண்ணியம்

ஊ டின்னின் மனைவி டோ மியா, பிறந்தநாள் புண்ணியத்துக்குக் கூண்டுக் குருவி வாங்கி, பறக்கவிட மொட்டைமாடிக்கு வந்தார். கீழே போய் விடுங்கள் என்றேன், கேட்கவில்லை. குருவி தெருவைத் தாண்டவில்லை. மேலிருந்து கல் விழுந்த மாதிரி ராஜாளி விழுந்தது. அன்றே உத்தரவு வந்தது: தொட்டியைச் சுற்றி ஆணிக் கம்பி அடித்து அதை விரட்ட வேண்டும். டோ மியா மட்டும் படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக 'ஊ' போட்டே என்னைக் கேட்டார்.

"ஊ மணி, இதுல எனக்குப் புண்ணியமா, பாவமா?"

பெட்டி

கம்பி அடிக்காமல் நாளைக் கடத்தினேன். ஒரு பெட்டியில் வைக்கோல் பரப்பி, ராஜாளி முட்டையிடத் தொட்டி மேல் வைத்தேன். குஞ்சு பொரித்துவிட்டால் இந்த ஊரில் எவரும் கை வைக்க மாட்டார்கள். மூன்றாம் மாடி டீச்சர் மா சூ பறவை பார்க்கிறவர். பைனாகுலரோடு வந்து சிரித்தார். ராஜாளி இங்கே குளிருக்கு மட்டும் வருகிறதாம். பனி உருகும் சமயம் வடக்குக் கோடிக்கு, மரமே இல்லாத பூமிக்குத் திரும்பிவிடும். அங்கே ஆற்றோரப் பாறை விளிம்பில், வெறும் மண்ணைக் காலால் கிளறி முட்டையிடும், கூடே கட்டாது. அத்தனை நாடு தாண்டி என் தொட்டிக்கு வருகிறதே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பெட்டியை எடுத்துடுங்க, ஊ மணி. பூனைதான் குட்டி போடும்."

கூட்டம்

கமிட்டிக் கூட்டத்தில் ஊ டின் கம்பியைப் பற்றிக் கேட்டார். அடிக்க மாட்டேன், வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றேன். ராஜாளி வருவதற்கு முன்பு, புறா எச்சம் தொட்டிக்குள் விழுந்து குழாய்த் தண்ணீர் எப்படி நாறியது என்றும் நினைவுபடுத்தினேன். கடைசியில் ஐந்தாம் மாடி லுங்கிக்காரர்தான் எழுந்தார்.

"இறகை நான் உதறிக்கிறேன். எச்சத் தண்ணில பல் தேய்க்க என்னால ஆகாது."

சொந்தம்

அடுத்த குளிருக்கும் ராஜாளி வந்தது. ஊ டின் விருந்தாளிகளை மேலே கூட்டிவந்து கை நீட்டிக் காட்டினார்.

"நம்ம ராஜாளி. நான்தான் இருக்கட்டும்னு விட்டேன்."

அது வடக்கே போய் முட்டையிடட்டும், அவர் இங்கே சொந்தம் கொண்டாடட்டும். மொட்டைமாடிச் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது.