கல்வெட்டில் ஏறிய புது எழுத்து

தாவடிச் சந்தியைத் தாண்டியபோது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணம் நோக்கி நடந்தேன். மத்தியான வெயில் தாருக்குள் இறங்கியிருந்தது. பையில் உடுக்கிற சாரம் இரண்டும் ஒரு சோற்றுப் பார்சலும். இணுவிலில் இறந்த ஒருவரின் முப்பத்தோராம் நாள் வீட்டில் வந்தவர்களுக்குக் கட்டித் தந்த சோறு. நான் போவதாக ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லப் போனால் ஐயாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஐயா என்றால், நான் வேலைக்கு நின்ற வீட்டுக்காரர். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் வெங்காயம் கிண்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். கிண்டி முடிந்த அன்று அவர் என்னைக் கேட்டார்:

“எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?”

“அஞ்சு, ஐயா. அதுவும் முடிக்கேல்லை. இடம்பெயர்ந்ததோடை சரி.”

“நல்லது,” என்றார். நான் படிக்காமல் விட்டதை நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவர்.

தபால் கந்தோரில் முப்பது வருடம் விலாசம் வாசித்து வாசித்து அவருக்கு ஒரு எண்ணம் வந்திருந்தது. தமிழை எழுதும் முறை சரியில்லை, அதைத் திருத்த வேண்டும். கொம்பை முதலில் போடுகிறோம், எழுத்தைப் பிறகு போடுகிறோம், வாயிலோ எழுத்துத்தான் முந்துகிறது. கு, சு, மு என்று ஒரே ஒலிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைகிறது. அவர் முறையில் எல்லாக் குறியும் எழுத்துக்குப் பின்னால், ஒரு ஒலிக்கு ஒரே குறி. என்னைப் போல அரைகுறையாக வாசிக்கிற ஒருவரை வைத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும் என்றார். மூன்று கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டு, அவர் எழுதித் தந்ததை வாசித்தேன். செய்த வேலைகளிலேயே முதுகு நோகாத வேலை அதுதான். நாலாம் நாளே விரலை வைக்காமல் வாசித்தேன். அவர் எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அவருடைய அண்ணை இறந்து அப்போது சில நாள்தான் ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். தேவாரம், இறந்தவருடைய வாழ்க்கை, வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். அதை முழுவதும் புது எழுத்தில் அடிக்க ஐயா முடிவு செய்தார். பத்திரிகைகளுக்கு எழுதிப் பார்த்தவர், ஒருவரும் பதில் போடவில்லை. இதுவென்றால் சனம் கையில் வாங்கியே ஆக வேண்டும். இதிலும் வாசிக்காவிட்டால் இனி வாசிக்கவே மாட்டார்கள் என்றார்.

மச்சாளிடம், அதாவது அண்ணையின் மனைவியிடம், கேட்டாராம். “உங்கடை அண்ணையின்ரை அலுவல், நீங்கள் பாத்துச் செய்யுங்கோ தம்பி,” என்றாவாம். அடிப்பதற்கு முன் அவவிடம் காட்டவில்லை.

“பேரையும் மாத்தப் போறியளோ?” என்று நான் கேட்டேன்.

“பேர் எண்டது சத்தமடாப்பா. எழுத்து அதுக்குப் போட்ட சட்டை. சட்டையை மாத்தினால் ஆள் மாறுமோ?”

முப்பத்தோராம் நாள் காலை அண்ணை வீட்டில் தேவாரம் பாடத் தொடங்கியபோது ஐயா தூணோடு நின்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்தார். ஒருவரும் தடக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. நான் அவர்களுடைய கண்ணைப் பார்த்தேன். எல்லோரும் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தார்கள், கண்ணோ சுவரில் மாலை போட்ட படத்தில் இருந்தது. தேவாரம் அவர்களுக்கு மனப்பாடம். ஒருவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினார்.

சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோதுதான் எல்லோரும் வம்சாவளிப் பக்கத்தைப் புரட்டினார்கள். தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்காத ஆள் இல்லை.

“உது என்ன, மலையாளமோ?”

“எடேய், என்ரை பேருக்குப் பின்னாலை ஒரு தூண்டில் தொங்குது, பார்!”

“கனடாவிலை இருக்கிற பெடியன் உதைக் கண்டால், அப்பா மாறிப்போனாரோ எண்டு போன் எடுப்பான்.”

ஐயா எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு கேட்டார். அப்படிக் கேட்கத் தயாராகத்தான் வந்திருந்தார். வாசித்துவிட்டுத்தானே சிரிக்கிறார்கள் என்று என் காதுக்குள் சொன்னார்.

அப்போது மச்சாள் உள்ளிருந்து வந்தா. கையில் புத்தகம், மூடியபடி. அட்டையில் அண்ணையின் பெயர். அவ சத்தம் போடவில்லை.

“நாப்பத்தாறு வருசம் அவரின்ரை பேரை நான் வாயாலை சொன்னதில்லை, தம்பி. உங்களுக்குத் தெரியும்தானே. கடிதத்திலை எழுதினனான். அரிசிக் கூப்பன் மட்டையிலை எழுதினனான். ஆஸ்பத்திரியிலை கேட்டவைக்கும் எழுதித்தான் குடுத்தனான். எனக்கு அவரின்ரை பேர் அந்த எழுத்துத்தான். இதிலை இருக்கிறது ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை.”

புத்தகத்தை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. ஐயா அட்டையை விரலால் தடவிக்கொண்டு நின்றார். நான் பையை எடுத்துக்கொண்டு பின் படலையால் வெளியே வந்தேன்.

கொக்குவிலில் ஒரு சைக்கிள் என் முன்னால் வந்து மறித்து நின்றது. ஐயா. வேட்டி நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“சொல்லாமல் போறீரோ?”

“இனி அங்கை எனக்கென்ன வேலை, ஐயா?”

“வேலை இருக்கு. பழைய எழுத்திலை திருப்பி அடிக்கப் போறன். நாளைக்குக் காலமை அச்சகத்துக்கு வாரும்.”

“அட்டையை மட்டும் மாத்தினால் போதாதோ?”

வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். “போதாது. உள்ளுக்கை பேர் இருக்கிறவைக்கும் மச்சாளைப் போலை ஆரும் வீட்டிலை இருக்கினம்தானே.” பிறகு, போகத் திருப்பியவர், “உமக்கு அந்தப் புது எழுத்து வாசிக்கச் சுகமாத்தானே இருந்தது?” என்று கேட்டார்.

“ஓம், ஐயா. எனக்கு அதுதான் சுகம்.”

அடுத்த நாள் காலை அச்சகத்துக்குப் போனேன். முதலில் பழைய எழுத்தில் போட்டிருந்த பிரதி கணினியில் அழியாமல் இருந்ததால் வேலை சுருக்காக முடிந்திருந்தது. ஐயா கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொரு பெயரின் மேலும் பென்சிலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எனக்கான வேலை. இணுவிலிலிருந்து அரியாலை வரை. விலாசங்களை அவர் கையாலேயே எழுதித் தந்தார், நான் தடக்காமல் வாசிக்கிற எழுத்தில். முதல் விலாசம் மச்சாளுடையது. புத்தகக் கட்டை ஐயாவின் சைக்கிள் கரியரில் வைத்து இறுக்கினேன்.