இரண்டு நிமிடம் பேசுங்கள்

என் கணவர் மேற்படிப்புக்காகச் சீனாவுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது முதலில் சிரித்தது என் மாமியார்தான்.

"அங்க போயி எந்தப் பாஷைல சாமி படிப்பே?"

"இங்கிலீஷ்லதாம்மா. வெளிநாட்டுப் பசங்களுக்குப் பாடமெல்லாம் இங்கிலீஷ்தான்."

அத்தைக்கு அது இன்னும் வேடிக்கையாகிப் போயிற்று. "இங்கிலீஷ்ல படிக்கறதுக்கு எதுக்குச் சீனாவுக்குப் போகோணும்? உம்பொண்டாட்டியே இங்கிலீஷ் டீச்சர்தான?"

நான் கோவையை ஒட்டிய துடியலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அவர் அப்போது மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருந்தார். கம்பெனிக்குச் சீனாவிலிருந்து புது மெஷின்கள் வந்தன. அவற்றைப் பொருத்த வந்த இன்ஜினியர்களில் ஒருவரோடு இவருக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டது. இருவரும் கைஜாடையாலும் காகிதத்தில் படம் வரைந்தும் பேசிக்கொள்வார்களாம். அந்த மனிதர்தான் தான் படித்த பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஸ்காலர்ஷிப் உண்டு, ஹாஸ்டல் உண்டு. ஆங்கிலத் தேர்வில் போதிய ஸ்கோர் மட்டும் காட்ட வேண்டும்.

அந்தத் தேர்வில் இவருக்குச் சிக்கல் பேச்சில்தான். கிணத்துக்கடவு பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவர். ஆங்கிலத்தில் படித்தால் புரியும், எழுதினால் ஓரளவு வரும். வாயைத் திறந்தால் மட்டும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார்.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் குழந்தை இறந்து பிறந்தது. எட்டாவது மாதம் எனக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று அம்மா சொன்னாள். பார்க்கவேண்டும் என்றேன். "வேண்டாங் கண்ணு, பாத்தா மறக்க முடியாது" என்றாள். அதற்குள் என் மாமனாரும் இவரும் குழந்தையை அடக்கம் செய்ய ஊருக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மறுநாள் இவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல அம்மணி" என்றார். "துணில சுத்தித்தான் குடுத்தாங்க. நான் பாக்கல."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. சண்டையும் இல்லை. பால் வாங்கியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா, இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகலாமா, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் யாராவது அதைப் பற்றித் தொடங்கினால் இவர் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். சீனா என்று அவர் சொன்னபோது, என்னை விட்டுப் போக நினைக்கிறாரோ என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வீட்டில் பேசுவதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்றுதான் இருந்தது.

மாலையில் இருவரும் வேலையிலிருந்து வந்து டீ குடித்ததும், சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்காருவோம். தேர்வு எப்படி நடக்குமோ அப்படியே நடத்தினேன். நான் தேர்வாளர். அவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரவேண்டும். முழுப்பெயர் கேட்பேன், சொந்த ஊர் எது, என்ன வேலை என்று கேட்பேன். பிறகு ஒரு அட்டையைக் கொடுப்பேன். அதில் ஒரு தலைப்பு இருக்கும். ஒரு நிமிடம் யோசித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசவேண்டும். நேரம் பார்ப்பது என் போன்.

ஆரம்பத்தில் அவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஓடாது.

"தமிழ்ல யோசிச்சுப்போட்டு அதை இங்கிலீஷ்ல மாத்தறீங்க. அதனாலதானுங்க நிக்குது."

"பின்ன எதுல அம்மணி யோசிக்கறது? எனக்கு யோசனை தமிழ்லதான வருது."

"தப்பா வந்தாலும் பரவால்லைங்க. நிறுத்தாம பேசுங்க. நிறுத்துனாத்தான் மார்க் போகும்."

மெல்ல மெல்லப் பழகிவிட்டார். உங்களுக்குப் பிடித்த உணவு, நீங்கள் பழுது பார்த்த ஒரு பொருள், கூட்டமான ஓர் இடம் என்று தினம் ஓர் அட்டை. கூட்டமான இடத்துக்கு உக்கடம் பஸ் ஸ்டாண்டைச் சொன்னார். பொள்ளாச்சி பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போட்டதையும், அந்தத் துண்டின் மேலேயே ஒருவர் உட்கார்ந்துகொண்டு இறங்கும்வரை எழவே மாட்டேன் என்றதையும் சொன்னபோது நான் தேர்வாளர் என்பதை மறந்து சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த மேஜையில் நாங்கள் சேர்ந்து சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஒரு நாள் வந்த அட்டை, நீங்கள் ஒருவரை முதன்முதலாகச் சந்தித்ததைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது. யாரை, எங்கே சந்தித்தீர்கள், என்ன பேசினீர்கள், ஏன் அது நினைவில் நிற்கிறது என்று கீழே போட்டிருந்தது. அந்தச் சீன இன்ஜினியரைத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்து, போனில் நேரத்தை ஓடவிட்டேன்.

"நான் ஒரே ஒருமுறை சந்தித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அது நான் பழக்கிவிட்ட தொடக்கம். பிறகு சொன்னார்: "நாங்கள் ஆஸ்பத்திரியில் சந்தித்தோம். அவள் என் மகள்."

நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"என் அப்பா வண்டி பேசக் கீழே போயிருந்தார். நர்ஸ் ஒரு பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து துணியை விலக்கினேன். அவள் மிகவும் சின்னதாக இருக்கிறாள். முடி நிறைய இருக்கிறது. ஈரமாக இருக்கிறது. கண் மூடியிருக்கிறது. இடது காது மேலே கொஞ்சம் மடிந்திருக்கிறது, என் மனைவியின் காது போலவே. நான் அவளிடம் தமிழில் பேசினேன். குளிருதா என்று கேட்டேன். பிறகு அப்பா வந்து, போலாமா என்றார்."

அவள் எப்படி இருந்தாள் என்பதை இறந்த காலத்தில் சொல்லாமல் நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பில் என்றால் அங்கேயே நிறுத்தித் திருத்தியிருப்பேன். அவர் மேஜையைப் பார்த்தபடியே பேசினார். தோட்டத்தில் எந்த மூலையில் வைத்தார்கள் என்று சொன்னார். மேலே ஒரு கல் வைக்கலாமா என்று கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்றதைச் சொன்னார். இரண்டு நிமிடம் முடிந்து போன் மணியடித்தது. அவர் பேச்சை முடித்துக்கொண்டு கைகளைக் கட்டி உட்கார்ந்தார்.

அடுத்து தேர்வாளர் ஒரு கேள்வி கேட்கவேண்டும். அட்டையின் அடியிலேயே அது இருந்தது: அந்த நபரை மறுபடி சந்திக்க விரும்புகிறீர்களா? என்னால் அதை வாசிக்க முடியவில்லை. எனக்கு வந்த கேள்வியை ஆங்கிலத்திலேயே கேட்டேன்.

"பார்க்கவில்லை என்று உங்கள் மனைவியிடம் ஏன் சொன்னீர்கள்?"

"அவள் எழுந்து உட்காரக்கூட முடியாமல் இருந்தாள். பார்த்தேன் என்றால் எப்படி இருந்தாள் என்று கேட்பாள். அதைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை."

"பெயர் வைத்தீர்களா?"

"வைத்தேன்" என்று பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடியில் தலையைத் திருப்பி என் இடது காதைப் பார்த்தேன். மேல் விளிம்பு லேசாக மடிந்திருக்கும். அதை அதுவரை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அழுதேன். வெளியே அவர் டீ டம்ளர்களை எடுத்துக் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கிணத்துக்கடவுக்குப் போனோம். தோட்டத்தில் சாலையை ஒட்டிய மூலையில், தென்னைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மேடாக இருந்த இடத்தைக் காட்டினார். கோரை முளைத்திருந்தது. உட்கார்ந்து அதைப் பிடுங்கினேன். அவரும் கூட உட்கார்ந்து பிடுங்கினார். வீட்டிலிருந்து அத்தை பார்த்திருக்க வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு எந்த அட்டை எடுத்தாலும் எப்படியோ பேச்சு அவளிடம் போய்ச் சேர்ந்தது. இருந்திருந்தால் இந்நேரம் நடந்திருப்பாள் என்பார். பள்ளிக்கு என்னோடு பஸ்ஸில் வருவாளா, அவரோடு வண்டியில் போவாளா என்று இருவரும் ஆங்கிலத்தில் வாதாடியிருக்கிறோம். தமிழில் ஒரு வார்த்தை வராது. மேஜையை விட்டு எழுந்தால் பழையபடி பாலும் கேஸும்தான். அந்த மாலைகள்தான் என் கல்யாண வாழ்க்கையிலேயே நான் அவரோடு மிக நெருக்கமாக இருந்த நேரங்கள். அவர் பேச்சு தேறிக்கொண்டே வந்தது. தேறத் தேற எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தப்பு விட்ட இடங்களை விடாமல் திருத்தினேன். அது என் வேலை.

தேர்வு அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் நடந்தது. வெளியே மர நிழலில் காத்திருந்தேன். அவர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஒரு எடத்துலகூட நிக்கல அம்மணி. அந்தம்மா கேக்கக் கேக்கச் சொல்லிப்போட்டேன்."

"என்ன தலைப்புங்க வந்துச்சு?"

"நீங்க வாங்கணும்னு நெனைக்கற ஒரு பொருள். டிராக்டர்னு சொன்னேன்."

கேட்ட ஸ்கோரை விட அதிகமாகவே வந்தது. சேர்க்கையும் கிடைத்தது. ஒரு வருடம் போகட்டும், அதற்குள் தனி வீடு பார்க்கிறேன், நீயும் லீவு போட்டு வந்துவிடு என்றார். அத்தை பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி எல்லாம் அரைத்துக் கட்டிக் கொடுத்தார். விமான நிலையத்தில் எல்லோர் முன்னாலும், "வாரேன் அம்மணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதலில் தினமும் வீடியோவில் பேசினோம், தமிழில். சாப்டீங்களா, குளிருதுங்களா, அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்குது. ஒரு நாள் நானே ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பார்த்தேன். "இப்ப எதுக்கு அம்மணி, நாள் பூரா அதைத்தான பேசிட்டிருக்கேன்" என்றார். தினமும் என்றிருந்தது வாரத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு பரீட்சை, லேப் என்று அதுவும் தள்ளிப் போயிற்று. வருடம் முடிந்தது. வீடு பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அழைத்தார். நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எடுத்ததும் ஆங்கிலத்தில் பேசினார்.

"நான் திரும்பி வரப்போவதில்லை. இங்கேயே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. நான் ஒரு தகப்பனாக இருந்தேன் என்பதும் தெரியாது. எனக்கு மூச்சு விட முடிகிறது. உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்த வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இது உன் தவறு இல்லை. ஆனால் என்னால் மறுபடி அங்கே வந்து உட்கார முடியாது."

ஒரு பிழை இல்லை. எங்கும் தயங்கவில்லை.

"வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று தமிழில் கேட்டேன்.

இல்லை என்றார், ஆங்கிலத்தில். நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

"அப்ப இதைத் தமிழ்ல சொல்லுங்க."

மறுமுனையில் யாரோ பின்னால் நாற்காலியை இழுத்தார்கள்.

"தமிழ்ல சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

"முடியல அம்மணி" என்றார். பிறகு போன் நின்றுவிட்டது.

என் அண்ணன் கோபத்தில் குதித்தான். அம்மா, இதற்கெல்லாம் காரணம் அந்தப் படிப்புதான், நீயேதான் சொல்லிக்கொடுத்து அனுப்பினாய் என்று அழுதாள். மாமா என் எதிரில் வந்து நிற்கக் கூசினார். நான் யாரோடும் வாதாடவில்லை. அவரைத் திரும்பி வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அந்த வராந்தா எனக்கும் தெரிந்த இடம்தான். நான் அங்கே அவரோடு உட்கார்ந்திருக்கவே விரும்பினேன். அவருக்கு எழுந்து போனால்தான் உயிர் தங்கும் என்றிருந்தது. இருவரில் யார் சரி என்று எனக்குத் தெரியவில்லை.

இருவரும் சம்மதித்துப் பிரிய மனு கொடுத்தோம். கடைசி வாய்தாவுக்கு அவர் வந்திருந்தார். மெலிந்து, நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தார். நீதிபதி அம்மா ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். இருவருமே ஆமாங்க, சம்மதங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். கோர்ட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீ வாங்கினார். எனக்குச் சர்க்கரை குறைவாக என்று அவராகவே சொன்னார்.

"ஊருக்குப் போறேன். தோட்டத்துக்கு. நீயும் வாரியா?"

"இல்லைங்க. நீங்க போயிட்டு வாங்க. நான் இன்னொரு நாள் போய்க்கறேன். அத்தைகிட்டச் சொல்லியிருக்கேன்."

"அம்மா எப்ப வேணா வரச் சொல்லுச்சு."

"தெரியுமுங்க. அவங்களே போன் பண்ணுனாங்க."

டம்ளரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. எந்த மொழியில் தேடினாரோ. நான் காத்திருந்தேன். பிறகு தலையை மட்டும் ஆட்டிவிட்டு, உக்கடம் போகும் டவுன் பஸ்ஸை நோக்கி ரோட்டைக் கடந்தார். கூட்டத்தில் அவர் சட்டை மறைகிறவரை அங்கேயே நின்றிருந்தேன். கடைக்காரர், "ஏனுங்க, இன்னொரு டீ போடட்டுங்களா?" என்று கேட்டார். போடுங்க என்றேன். மதியம் பள்ளிக்குப் போகவேண்டியிருந்தது, பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வு. அந்த டீயைக் குடித்து முடிக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.