பத்தாம் பாட்டின் நடுவில் வந்த அலை

என் மருமகன் ஓர் எஃகு விசிலைச் சிவப்புக் கயிற்றில் கோத்து, என் கழுத்து உருத்திராக்கத்தின் மேல் மாட்டிவிட்ட நாளிலிருந்து எனக்கு வெள்ளிக்கிழமைகளின்மேல் அச்சம் உண்டாயிற்று. துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒரு குளிர்காலம் அது. நாங்கள் ஷார்ஜாவில், முவைலாவில் குடியிருந்தோம். நான் ஒரு கட்டடச் சாமான் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். மனைவி, மகள், மருமகன், நான் என நால்வரும் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். மகள் இங்கேயே வளர்ந்தவள். மருமகன் தூத்துக்குடிக்காரர், சைட் என்ஜினியர். ஆறு நாள் சிமெண்டுத் தூசியில் நிற்கும் அவருக்கு ஏழாம் நாளான வெள்ளி விடுமுறையில் உப்புத் தண்ணீரில் நின்றால்தான் உடம்பு தன்னுடையதாகத் தோன்றும்.

குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து இரண்டு மூன்று நாள் விடாமல் ஒரு காற்று வீசும். சமால் என்பார்கள். மணலும் குளிரும் கலந்து முகத்தில் அறையும். அது ஓய்ந்த மறுநாள் காலையில் கடல் இன்னும் தணிந்திருக்காது. கலங்கிய நீரில் இரை தேடி மீன்கள் கரைக்கு மிக அருகில் வரும். அந்த நாளுக்காகத்தான் மருமகன் வாரம் முழுவதும் செல்போனில் காற்றின் நிலவரம் கேட்டுக்கொண்டிருப்பார். காற்று புதன்கிழமை விழுந்தால் அவர் முகம் வாடும். வியாழன் மாலை விழுந்தால் ஃபிரிட்ஜின் ஒரு மூலையில் தூண்டில் இரைக்கான கணவாய் மீன் துண்டுகள் பொட்டலமாக வந்து உட்காரும். என் மனைவி அந்தப் பொட்டலத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அது அங்கே இல்லை என்று வைத்துக்கொள்வாள்.

நாங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர்கள். மகள் மட்டும் திருமணத்துக்குப் பின் கணவரோடு மீன் சாப்பிடத் தொடங்கினாள். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் துடிக்கும் உயிரைத் தூண்டிலில் இருந்து கழற்றும் அவள் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பாவம் எங்கே போய்ச் சேருமோ என்று அஞ்சுவேன். வீட்டிலேயே இருந்துவிடலாம். இருந்தால் அவர்கள் திரும்பும்வரை சன்னலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கும். அதைவிடக் கரையில் நின்று, அவர்கள் நீரில் நிற்கும் நேரம் முழுவதும் ஒரு பதிகம் ஓதிக்கொண்டிருப்பது மேல் என்று எண்ணினேன். பாவம் கழிய ஒன்று. கடலிலிருந்து காக்க ஒன்று. இரண்டு வேண்டுதல்களுக்கும் அந்த ஒரு பதிகம்தான்.

ஓதுவதில் எனக்கு ஒரு விரதம் உண்டு. பதினொரு பாட்டையும் முடிக்கும்வரை இடையில் வேறு சொல் பேசுவதில்லை. ஓதத் தொடங்கிய இளம் வயதில் ஏற்றுக்கொண்டது. டெலிபோன் மணி அடித்தாலும், வாசலில் ஆள் வந்து நின்றாலும், பாட்டு முடிந்த பிறகுதான் திரும்புவேன். வீட்டில் அனைவருக்கும் இது தெரியும். என் மனைவி இதைப் பற்றி வெளியாரிடம் சிறிது பெருமையாகவே சொல்வாள்.

இது தெரிந்திருந்தும் மருமகன் அந்த விசிலை என்னிடம் கொடுத்தார். எனக்கும் அது தெரிந்திருந்தது, நானும் வாங்கிக்கொண்டேன். ஒரு வாய்க்கு இரண்டு வேலை ஆகாது என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

“மாமா, அலை ஒண்ணு போல வராது” என்று அவர் எனக்கு விளக்கினார். “சின்னதா அஞ்சாறு வரும். அப்புறம் பெருசா மூணு, ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். நான் தூண்டில் முள்ளுல இரை குத்தும்போது குனிஞ்சிருப்பேன், தெரியாது. தூரத்துல கறுப்பா மேடு கட்டிட்டு வாறதப் பாத்தீங்கன்னா ஒரு ஊது ஊதிருங்க. போதும்.”

“ஊதுனா மீன் ஓடிராதா?” என்றேன்.

“நீங்க கரையில நிக்கும்போதே பாதி மீன் ‘சைவத்து ஆளு வந்திருக்காரு, பயமில்ல’ன்னு பக்கத்துல வந்துருது மாமா. விசிலுக்கா ஓடப் போவுது?”

என் மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உம் அல் குவைன் தாண்டி ஒரு மணல் பாதையில் வண்டியை நிறுத்தியபோது பொழுது புலர்ந்திருந்தது. கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் காதுக்குள் குளிர் ஊசியாக ஏறிற்று. கடல் சாம்பல் நிறத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. கரையில் ஓர் அரபிப் பெரியவர் தம் வண்டிக்குள்ளிருந்தே கண்ணாடியை இறக்கி, கையை இடமும் வலமும் ஆட்டி, “பஹர் மாஃபி ஸேன்” என்றார். கடல் சரியில்லை என்பது எனக்கும் புரிந்தது. மருமகன் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். பெரியவர் வண்டி போனதும், “அந்த மணல் திட்டு வரைக்கும்தான் மாமா. இடுப்புத் தண்ணி” என்றார்.

“இடுப்புக்கு மேல போவப்படாது மாப்பிள்ளை, சொல்லிட்டேன்” என்றாள் என் மனைவி, கம்பளிச் சால்வைக்குள்ளிருந்து. “இவளும் முழங்காலுக்கு மேல போவக்கூடாது.”

“அம்மா, ப்ளீஸ். நான் என்ன குழந்தையா?”

“குழந்தையா இருந்தாத்தான் கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சிருப்பேனே.”

கரையிலிருந்து இருபது அடியில் ஒரு மணல் திட்டு இருந்தது. அதற்கும் கரைக்கும் நடுவே நீர் ஓடி அரித்த ஒரு பள்ளம். மருமகன் மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையோடு பள்ளத்தைத் தாண்டித் திட்டின்மேல் நின்றார். மகள் பழைய ரப்பர் கால்சட்டை ஒன்றும் அதன்மேல் தடித்த சிவப்பு ஸ்வெட்டரும் அணிந்து, கைவலையோடு பள்ளத்தின் இந்தப் பக்க விளிம்பில் முழங்கால் நீரில் நின்றாள். மனைவி வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, இட்லிப் பாத்திரத்தையும் சுலைமானி டீ பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஈர மணலில் நின்று ஓதத் தொடங்கினேன்.

முதல் சில பாட்டுகளுக்கு ஒவ்வோர் அலையையும் எண்ணினேன். எண்ணிக்கை நாவில் பாடலோடு கலந்து குழம்பிற்று. ஆகவே எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். குளிரில் உதடுகள் மரத்துப்போயின. சொற்களைத் தள்ளித் தள்ளி வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. பத்தாம் பாட்டு தொடங்கும்போது மருமகனின் தூண்டில் கம்பு வளைந்தது. அவர் தங்கூசி நரம்பைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். ஒரு பாரை மீன், முழங்கை நீளம், பள்ளத்தில் வெள்ளியாகப் புரண்டது. மகள் ஓரடி முன்னால் போய் வலையைக் கொடுத்து அள்ளினாள். தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டிக் கரையைப் பார்த்துத் திரும்பினாள். “அப்பா! பாத்தீங்களா?” என்றாள். மருமகன் கம்பின் நுனியில் சிக்கிய தங்கூசியைக் குனிந்து விடுவித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருவருக்கும் பின்னால், கறுப்பாக மேடு கட்டிக்கொண்டு அது வந்தது.

நான் பார்த்தேன். இதை முதலில் எழுதிவிட வேண்டும். கண் மூடியிருந்தேன் என்றோ, மீனில் கவனம் போய்விட்டது என்றோ சொல்வதற்கு இடமில்லை. அலையை நான் நன்றாகப் பார்த்தேன். பத்தாம் பாட்டில் இரண்டடி மிச்சம் இருந்தது. அந்த இரண்டடியை முடித்துவிட்டு ஊதிவிடலாம், அதற்குள் வந்துவிடாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கம் எனக்காக நினைத்தது. என் கை விசிலைத் தொட்டது, வாய் ஓதிக்கொண்டிருந்தது.

இரண்டாம் அடி முடியுமுன் அலை மருமகனின் தோளைத் தாண்டி வந்து என் மகளின் முதுகில் விழுந்தது. அவள் முகம் இருந்த இடத்தில் நுரை இருந்தது. பிறகு அலை திரும்பும் இழுப்பு அவளைப் பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. ரப்பர் கால்சட்டைக்குள் நீர் புகுந்துவிட்டால் ஆளைக் கல்லாக்கிவிடும் என்று மருமகன் பலமுறை சொல்லியிருந்தார். நான் அப்போதுதான் ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். ஒருவருக்கும் உதவாத அந்த ஒலி எனக்குள் இன்றும் கேட்கிறது.

இரண்டாம் அலையும் வந்தது. மருமகன் கம்பை எறிந்துவிட்டுப் பள்ளத்துக்குள் பாய்ந்தார். சிவப்பு ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும் மேலே தெரிந்து மறைந்தது. மூன்றாம் அலை இருவரையும் சேர்த்துக் கரையை நோக்கி உருட்டியது. நான் இடுப்பு நீரில் நிற்பதை அப்போதுதான் உணர்ந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. அவள் ஸ்வெட்டரின் கழுத்துப் பகுதியை மருமகனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். மணலில் கிடத்தியபோது அவள் உதடு நீலமாக இருந்தது. மருமகன் அவளைக் குப்புறத் திருப்பி முதுகில் அடித்தார். நீர் வந்தது. பிறகு இருமல். அந்த இருமலைப் போல் இனிய ஓசையை நான் எந்தச் சன்னதியிலும் கேட்டதில்லை.

ஷார்ஜாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலுக்குள் நீர் போயிருக்கிறது, மாலைவரை மூச்சைக் கவனிக்க வேண்டும், நன்றாக இருப்பது போலிருந்து திடீரென்று மோசமாகலாம் என்றார் மலையாளி டாக்டர். மூக்கில் குழாயோடு அவள் கண் மூடிக் கிடந்தாள். அவள் மார்பு ஏறி இறங்குவதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மூச்சுக்கு நடுவில் சிறிது தாமதமானாலும் நான் எழுந்து அவள் முகத்தருகே குனிந்தேன்.

“ஏங்க, ஒரு பதிகம் சொல்லுங்களேன்” என்றாள் மனைவி. “காலையில நீங்க விடாம ஓதுனதாலதான் புள்ள பொழச்சா.”

“ஆமா மாமா” என்றார் மருமகன். முழங்கையில் சிராய்ப்போடு, இன்னும் ஈரம் காயாமல் நின்றார். “அந்தப் பள்ளத்துல கை அகப்பட்டதே பெருசு. சாமி செயல்தான். உங்க பாட்டுதான்.”

நான் வாயைத் திறந்தேன். முதற்சொல் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினேன். பக்கத்து ஃபிளாட்டு அம்மையார் பார்க்க வந்தபோதும் மனைவி அதையே சொன்னாள்: அவர் பாட்டுத்தான் காப்பாற்றியது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அச்சம் புதிதாக எழுந்தது. அவள் மூச்சு நின்றுவிட்டால், அவளிடம் உண்மையைச் சொல்ல முடியாமலே இந்தப் பொய்ப் புகழ் என்னோடு காலம் முழுவதும் இருக்குமே என்ற அச்சம் அது.

பிற்பகல் அசர் தொழுகைக்கு அழைப்பு கேட்ட நேரத்தில் மனைவியும் மருமகனும் டீ குடிக்கக் கீழே போனார்கள். மகள் கண் விழித்திருந்தாள். அவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“அம்மா” என்றேன். “அப்பா அந்த அலையப் பாத்தேன். பாட்டு முடியட்டும்னு நின்னுட்டேன்.”

அவள் மூக்கிலிருந்த குழாயைச் சற்று விலக்கிக்கொண்டாள்.

“தெரியும்ப்பா” என்றாள். “நான் உங்களத்தான பாத்துட்டு நின்னேன்? உங்க கண்ணு பெருசாச்சு. ஸம்திங் இஸ் ராங்னு தெரிஞ்சுது. ஆனா வாய் மட்டும் நிக்கல. அதான் திரும்பாம நின்னேன். பயப்படுற விஷயம்னா அப்பா பாட்ட நிறுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்.”

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மாட்ட சொல்லாதீங்க” என்றாள். “அவங்க நம்பிட்டுப் போட்டும்.”

இரவுக்கு முன்பே டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் குளிர்காலம் முடியும்வரை தூண்டில் கம்பு பால்கனியில் துணி காயப்போடப் பயன்பட்டது. நான் மீண்டும் ஓதத் தொடங்கினேன். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. பத்தாம் பாட்டு வரும்போது மட்டும் உள்ளங்கை வேர்க்கும்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு வியாழன் மாலை சமால் ஓய்ந்தது. மகள்தான் சொன்னாள், “போலாமா?” என்று. மருமகன் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். இரவெல்லாம் அந்தத் தலையசைப்பை நினைத்து வருந்தினேன். ஆனால் அவள் ஆசைப்பட்டதை என் அச்சத்துக்காகத் தடுக்க எனக்கு என்ன உரிமை மிஞ்சியிருந்தது?

அதே கரை. கடல் சென்ற ஆண்டைவிடத் தணிவாக இருந்தது. ஆனால் எனக்கு அது அதே கறுப்பில் தெரிந்தது. மகள் இந்த முறை ரப்பர் கால்சட்டை அணியவில்லை. பையிலிருந்து சிவப்புக் கயிற்று விசிலை எடுத்தாள். என் பக்கம் நீட்டுவாள் என்று கழுத்தைச் சற்றுக் குனிந்தேன். அவள் தன் தாயின் சால்வைக்கு மேல் அதை மாட்டினாள்.

“அம்மா, நீ போட்டுக்கோ. அப்பா ஃப்ரீயா பாடட்டும்.”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. என் மனைவிக்கு மகிழ்ச்சி. “பாருங்க, எனக்கும் ட்யூட்டி குடுத்துட்டா” என்று விசிலைத் துடைத்தாள். நான் மட்டும் அந்த மணலில் இன்னும் சிறிது ஆழமாகப் புதைந்தது போல் நின்றேன்.

மருமகன் திட்டுக்குப் போனார். மகள் முழங்கால் நீரில் நின்றாள். நான் ஓதத் தொடங்கினேன். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. நான்காம் பாட்டின் நடுவில் தூரத்து நீர் சற்று உயர்ந்தது.

“ஏட்டி, அலை! பின்னால அலை!” என்று அலறினேன்.

வந்த அலை அவள் முழங்காலைக்கூட நனைக்கவில்லை. நுரை சலசலத்து மணலில் கரைந்தது. மருமகன் திட்டிலிருந்து, “மாமா, இது அலை இல்ல, கடலு தும்முது!” என்று கத்தினார்.

“இம்புட்டு அலைக்கா இந்தக் கூப்பாடு? நான் பாத்துக்கிட்டுத்தான நிக்கேன்?” என்ற என் மனைவி, மறுகணம் முகம் வெளுத்து என் கையைப் பற்றினாள். “ஐயையோ, பாட்டுக்கு நடுவுல பேசிட்டீங்களே! விரதம் போச்சே!”

“போவட்டும்” என்றேன்.

மகள் சிரிக்கவில்லை. கைவலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கடலுக்கு முதுகு காட்டி, என்னையே பார்த்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு மேடு எழுவது போல் எனக்குத் தோன்றியது.

“என்னப் பாக்காத தாயி” என்றேன். “திரும்பி நில்லு. கடலப் பாரு.”