அம்மாவின் மூக்கில் இருந்த குடும்ப வைரம்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பரம்பரை வைரம் இருக்கிறது என்பதை என் தம்பி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பண்டாரவளையில் அவனுக்குப் பெண் பேசி முடிவான சமயம். பெண் வீட்டில் உட்கார்ந்து பட்டீஸைக் கடித்துக்கொண்டே, "மோதரத்துக்குக் கல்லு வாங்கத் தேவையில்ல, எங்க குடும்ப வைரம் ஒண்ணு இருக்கு, அதையே பதிச்சிருவோம்" என்று அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக அதை என்னிடம் பெருமையாக வேறு சொன்னான்.

அடேயப்பா, குடும்ப வைரம்! எனக்குக் கல்யாணம் பேசியபோது இந்த வைரத்தைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. எனக்கு வந்த மோதிரம் என் விரலுக்கு அல்ல, கட்டைவிரலுக்கே பெரிதாக இருந்தது. கழன்று உருண்டு போதகரின் காலடியில் விழுந்துவிடாமல் இருக்க, உள்பக்கம் நூல் சுற்றிக்கொண்டுதான் நான் சபையில் கை நீட்டினேன். அப்போது எங்கே போயிருந்தது பரம்பரை? எங்கேயும் போகவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் அந்த வைரம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் அம்மாவின் மூக்கில்.

அம்மாவின் மூக்குத்தியை நாங்கள் யாரும் நகை என்று நினைத்ததே கிடையாது. காது மாதிரி, கன்னத்து மச்சம் மாதிரி, அது அவளுடைய முகம். முகம் கழுவும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதை அரைச் சுற்று திருப்பிவிடுவாள். தடிமன் பிடித்தால் மூக்கைத் துடைப்பதே பெரிய வேலை. பசறையில் எங்கள் வீடு இருக்கும் மேட்டில் காலையில் பனி கொட்டும், சுவெட்டர் இல்லாமல் முடியாது. தலை வழியாகப் போடும் சுவெட்டர் மூக்குத்தியில் மாட்டும் என்பதால் அம்மா பொத்தான் வைத்ததைத்தான் போடுவாள். தம்பி தன் முதல் சம்பளத்தில் தலை வழியாகப் போடும் மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தான். அது இன்னும் பிளாஸ்டிக் பையோடு அலுமாரியில் இருக்கிறது. அம்மா ஏன் போடவில்லை என்று அவன் கேட்டதும் இல்லை. ஆம்பிளைப் பிள்ளை, அவனுக்கு ஆயிரம் யோசனை.

வைரத்தின் வரலாற்றைக் கேட்டால் எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஆரம்பித்துவிடுவாள். அப்பாவின் தாத்தா பெரிய கங்காணி, தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்து வேலை வாங்கியவர். அவர் பெண்டாட்டிக்கு ஒரு வெள்ளைக்காரத் துரையின் சீமாட்டி ஒரு சோடி வைரத் தோடு பரிசளித்தாளாம். கங்காணி பெண்டாட்டிக்கு வைரம் கொடுக்கிற அளவுக்குத் துரைமாருக்கு மனசு இருந்திருந்தால் தோட்டச் சனம் குடியிருந்த லயத்துக்கு நாலு ஜன்னல் வைத்துக் கொடுத்திருப்பார்களே! மழையில் நனைந்து கொழுந்து பறித்த சனத்தை ஆள் கணக்கில் எண்ணி, அந்தக் கணக்குக்குக் கிடைத்த காசில் கங்காணி வாங்கியிருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால் பரம்பரைக்கு மினுக்கம் குறைந்துவிடும், ஆகவே சீமாட்டியே இருக்கட்டும்.

அந்தச் சோடித் தோட்டில் ஒரு கல் அத்தைக்கு, ஒரு கல் அப்பாவுக்கு. அத்தை தன் கல்லை விற்று மகனைக் கட்டாருக்கு அனுப்பிவிட்டாள். அதில் தப்பில்லை. தன் கல்லை விற்றவள் எங்கள் கல்லுக்குக் காவல்காரியாக மாறினாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா நமுனுகுல தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள், சைவக் குடும்பத்துப் பெண். ஒருவரை ஒருவர் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். கட்டுவதற்காக அம்மா ஞானஸ்நானம் வாங்கினாள். பொட்டை விட்டாள், பூவை விட்டாள், பிறந்தபோது வைத்த பெயரையும் விட்டாள். மூக்குத்தியையும் விடச் சொல்லி அப்பா வீட்டார் நின்றபோதுதான் அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கிறது. தன் பங்குக் கல்லை எடுத்துக்கொண்டு போய் மூக்குத்தியாகவே செய்துகொண்டு வந்து, "இப்ப இது நம்ம வீட்டுக் கல்லு, இனிமே யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றாராம். அப்பா அதிகம் பேசாத மனுஷன். பேசியவற்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அப்பா இறந்த அன்று அம்மாவின் சொந்தக்காரப் பெண்கள் நமுனுகுலவிலிருந்து வந்தார்கள். அவர்கள் வழக்கப்படி மூக்குத்தியைக் கழற்றக் கையை வைத்தார்கள். அப்போது அத்தை பாய்ந்து வந்தாள். "கைய எடுங்க! நாங்க வேதக்காரங்க. எங்க சபையில அறுக்குறது கழட்டுறது எதுவும் கெடையாது" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், வந்தவர்கள் அப்படியே ஒதுங்கிவிட்டார்கள். அத்தையை நான் எவ்வளவு திட்டினாலும் அந்த ஒரு நாளுக்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் திட்டுவேன்.

அப்பேர்ப்பட்ட அத்தைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, மோதிரத்துக்கு எந்த செட்டிங் பொருத்தம் என்று ஆராய்ச்சி நடத்தினாள். தம்பி போனில் படம் படமாகத் தள்ளினான். நாலு நகம் வைத்துக் கல்லைத் தூக்கிப் பிடிப்பது ஒன்று. ஆறு நகம் வைத்தது ஒன்று. கல்லைச் சுற்றித் தங்கத்தையே விளிம்பாக மடித்தது இன்னொன்று. பெரிய கல்லைச் சுற்றிப் பொடிக் கற்கள் வட்டம் கட்டி நிற்பது வேறொன்று.

"நாலு நகந்தான் நல்லம். கல்லு எடுப்பாத் தெரியும்," என்றான் தம்பி.

"நகம் தேஞ்சா கல்லு விழுந்துரும்டா. பரம்பர சொத்து! சுத்தி மடிச்சதுதான் பாதுகாப்பு," என்றாள் அத்தை. பாதுகாப்பைப் பற்றிப் பேச அவளை விட்டால் ஆள் ஏது?

இவ்வளவு பேச்சுக்கும் நடுவில், பேசப்பட்ட கல் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தது. "அத்த, உங்களுக்குச் சீனி போடட்டா?" என்று நான் கேட்டேன், அம்மா எடுத்துக் கொடுத்தாள். அவள் குனியும்போதெல்லாம் இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்தது முகத்தை இல்லை.

தம்பியைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "டேய், அம்மாகிட்ட கேட்டியா?"

"என்னத்த?"

"மூக்கக் கடனாக் குடுப்பீங்களான்னு."

"ஐயோ அக்கா, எல்லாத்துக்கும் நக்கல். அம்மா என்ன வேணாம்னா சொல்லப் போறாங்க?" என்று போய்விட்டான். கேட்காமலே பதில் தெரிந்த பிள்ளை.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நீயாவது வாயத் தொறந்து சொல்லேம்மா," என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா? கேக்கட்டும், சொல்றேன்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை பசறை பஸ்ஸில் நாலு பேரும் பதுளைக்கு இறங்கினோம். பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் நகைக்கடை. அவர் நிதானமான மனுஷர். கல் இல்லாத வெறும் மோதிரங்களைத் தட்டில் வரிசையாக வைத்தார். தம்பி பண்டாரவளைக்கு வீடியோ கோல் போட்டான். அந்தப் பிள்ளை திரையில் வந்து, வெட்கத்தோடு எல்லோருக்கும் தோத்திரம் சொன்னாள். அவள் பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவள். "உங்களுக்குப் புடிச்சதையே எடுங்க" என்றாள். அத்தை ஒன்றை எடுக்க, தம்பி ஒன்றை எடுக்க, கடை ரெண்டுபட்டது. அம்மா சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் நானா, "எல்லாம் சரி. கல்லக் காட்டுங்களே. கல்லப் பாக்காம செட்டிங் சொல்லேலா," என்றார்.

தம்பி கையைக் காட்டினான். நானா அந்தத் திசையில் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"எங்க தம்பி?"

"அம்மா மூக்குல."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வியாபாரி அல்லவா, கல் அளக்கும் சின்னக் கருவியோடு வந்து அம்மாவுக்கு முன்னால் குனிந்தார். "அம்மா, கொஞ்சம் மூச்சப் புடிச்சிக்கோங்க." அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் பார்த்த கண்றாவிகளில் அது ஒன்று. பெற்ற தாயை நாற்காலியில் உட்கார வைத்து மூக்கை அளந்துகொண்டிருந்தோம்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "இங்க பாரு, எப்பிடி மின்னுது!" என்று போனை அம்மாவின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

அந்தப் பிள்ளையின் முகம் திரைக்குக் கிட்ட வந்தது. பிறகு, "அது... மாமியோட மூக்குத்தி இல்லையா?" என்று கேட்டது.

"ஆமா, அந்தக் கல்லுதான்."

"நீங்க பெட்டியில இருக்குற கல்லுன்னுதானே சொன்னீங்க?"

"பெட்டின்னு சொல்லல. வீட்டுல இருக்குன்னு சொன்னேன்," என்றான். வாதாடுகிறாராம்! ஆமாம், அம்மாவும் வீட்டில்தானே இருக்கிறாள்.

இதற்குள் நானா திருகாணியைத் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை. எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அப்பா மாட்டிவிட்டதிலிருந்து ஒரு தடவைகூடக் கழற்றாத திருகாணி, யாருக்காக அசையும்? "இறுகிட்டு. இனி மூக்குத்தித் தண்ட வெட்டித்தான் எடுக்கணும்," என்று சின்ன வெட்டுக்குறட்டை எடுத்தார்.

"வெட்டுங்க. கல்லுக்குச் சேதமில்லாம வெட்டுங்க," என்றாள் அத்தை. மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நானா குறட்டோடு குனிந்தவர் நின்றார். "நீங்க சொல்லுங்க அம்மா. வெட்டட்டா? பொறகு என்னக் குத்தம் சொல்லப்படாது."

நாளைக்குத் தன் தலையில் வந்து விடியக் கூடாதே என்ற கவலையில்தான் அந்த மனுஷர் கேட்டார். இருந்தாலும், இந்தக் கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து எங்கள் அம்மாவிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

"வேணாங்க," என்றாள் அம்மா.

அவரது கையை மெல்ல நகர்த்திவிட்டு எழுந்தாள். அத்தையைப் பார்த்தாள். "அண்ணி, ஒங்க தம்பிய நடுவீட்டுல கெடத்தியிருந்தப்ப, இதுல கை வைக்காதீங்கன்னு நீங்கதான் சத்தம் போட்டீங்க. நான் மறக்கல."

"அது வேற..." என்று தொடங்கிய அத்தை, பாதியில் விட்டுவிட்டுச் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அம்மா தம்பி பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை. "ஒங்கப்பா செத்ததுக்கே நான் இதக் கழட்டலடா. ஒனக்கு நல்லது நடக்குறதுக்கா கழட்டணும்?"

தம்பியின் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கோபக்காரிக்கு நாலு பேர் முன்னால் அழுகை வந்தால் அதைவிட எரிச்சல் இல்லை. தட்டில் இருந்த மோதிரங்களை மும்முரமாகப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

போன் இன்னும் அவன் கையில் உயிரோடு இருந்தது. அதிலிருந்து அந்தப் பிள்ளை பேசினாள். "எனக்கு அந்தக் கல்லு வேணாங்க. அதப் போட்டா, கையப் பாக்குற நேரமெல்லாம் மாமி மூக்குல ஓட்டதான் தெரியும். கல்லில்லாத வளையம் ஒண்ணு எடுங்க. அதுவும் வேணாம்னா விடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "பெட்டியப் பத்தி நம்ம பொறகு பேசுவோம்," என்றாள். சபாஷ், வீட்டுக்கு வரப்போகிறவளுக்கும் வாய் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

நானா நாலு நகத்தையும் ஆறு நகத்தையும் தட்டோடு உள்ளே எடுத்துக்கொண்டு போனார். வெறும் தங்க வளையம் ஒன்று எடுத்தோம். அளவு சரியா என்று நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன். நூல் சுற்றும் பரம்பரை என்னோடு போகட்டும்.

நிச்சயதார்த்தம் பண்டாரவளைச் சபையில் நடந்தது. மோதிரம் கச்சிதமாக ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் அத்தை சம்பந்தி வீட்டுப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து, அம்மாவின் மூக்கைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். "சீமாட்டி குடுத்த வைரம். மோதரத்துல வைக்கணும்னு பையன் ஒத்தக் கால்ல நின்னான். நான்தான் விடல. அண்ணிகாரி நான் இருக்குற வரைக்கும் அதக் கழட்ட விடுவேனான்னு கேட்டேன்." எனக்குச் சோறு புரையேறியது. அம்மா தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டு, விடு என்று கண்ணைக் காட்டினாள்.

தம்பி மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்தச் சொல் வாயில் வராது. திரும்பி வரும் வேனில் ஏறும்போது அம்மாவின் மடியில் ஒரு பார்சலை வைத்துவிட்டு முன் சீட்டுக்குப் போய்விட்டான். பிரித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவெட்டர். கழுத்திலிருந்து கீழ் வரைக்கும் பொத்தான்.

வழியில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் பனி இறங்கியிருந்தது. அம்மா அதைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். பிறகு முன் சீட்டுப் பக்கம் குனிந்து அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"எம் மூஞ்சி ஒனக்கு இப்பதாண்டா தெரிஞ்சிச்சா?" என்றாள்.