மலையும் ஏறணும், வேகமும் வேணும்

வண்டி ரிப்பேர்த் தொழிலில் பஞ்சரை ஒட்டிவிடலாம், பிரேக்கைச் சரிசெய்துவிடலாம். பின்சக்கரத்தில் சங்கிலி மாட்டுகிற பல்லைப் பற்றி மட்டும் யாருக்கும் புரியவைக்க முடியாது. பல்லு பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும். சின்னதானால் வேகம் கூடும், இழுவை போய்விடும். சங்கதி இவ்வளவுதான். கடை வைத்து அவதிப்பட்டவர்களே, இதைச் சொல்லிச் சொல்லி உங்களுக்கும் தொண்டை வறண்டிருக்கும். நான் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த பீடோங்கில் கடை வைத்திருந்தவன். நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கால் போய்ச் சேர்ந்தது

கிழங்கு வியாபாரி முனியாண்டி, மூட்டை ஏற்றினால் சைக்கிளை மிதிக்க முடியவில்லை, பெரிய பல்லாகப் போடு என்றார். வேகம் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார், மாட்டிக் கொடுத்தேன். மறுநாளே வேர்த்து விறுவிறுத்து வந்து சைக்கிளைச் சாய்த்தார். "என்னண்ணே இது, என் காலு அடுத்த ஊரு சுங்கைப் பட்டாணிக்கே போயிருச்சு, சைக்கிள் இன்னும் பீடோங்லயே நிக்குது லா."

வேகம் மட்டும்

தோட்டங்களுக்குப் போய், போனவர் உயிரோடு திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கும் ஜப்பான் அதிகாரி ஒருவன் இருந்தான். அவன் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்ப்பதால்தான் என்னைப் பிடிக்காமல் விட்டிருந்தார்கள். ஒருநாள், வண்டி இன்னும் வேகமாகப் போகவேண்டும் என்று வந்து நின்றான். அப்போது பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய்தான். அந்த எண்ணெயில் ஓடும் எஞ்சினுக்குச் சின்னப் பல்லோடு மேடு ஏறத் தெம்பு இருக்காது என்றேன். கூட வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் மணியம், நம் ஆள்தான், அதை அவனிடம் சொல்லவே இல்லை. "வேகம் மட்டும்தான் வேணுமாம். எண்ணெய்க் கதையெல்லாம் சொன்னா எனக்கும் அறை விழும்ணே."

அறை எனக்கு விழுந்தது

சொன்னபடியே ஆயிற்று. மேட்டுத் தோட்டத்துக்குப் போகிற வழியில் பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் பார்க்க, அதிகாரி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறான். திரும்பி வந்ததும் என் கன்னத்தில் விட்டான் ஒன்று. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே காட்டுவது? பெரிய பல்லை மாட்டினேன். மலையில் ஆடு மாதிரி ஏறியது. சமதரையில் வெறும் கத்தல்தான், ஓட்டம் இல்லை. அதற்கும் திட்ட வந்தான். மணியம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மலையும் ஏறணுமாம், பறக்கவும் செய்யணுமாம். நான் என்னண்ணே செய்ய, அவரு சொல்றதத்தான் சொல்றேன்."

கடை நிறைய ஆள் இருக்கும்போது

மேட்டுத் தோட்டத்து அஞ்சலை ஒருநாள் மரவள்ளிக்கிழங்கோடு வந்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெரிய பல்லு போட்டதிலிருந்து வண்டி மலையடிக்கு வருவதற்கு முன்பே எஞ்சின் போடும் கூச்சல் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குக் கேட்கிறதாம். ஆம்பிளைகள் எல்லாம் காட்டுக்குள் போய்விடுகிறார்களாம். சத்தியமாக நான் அதையெல்லாம் நினைத்துப் பல்லு மாட்டவில்லை. இது அதிகாரி காதுக்குப் போனால் என் கதி என்ன? மெல்லப் பேசம்மா என்று கெஞ்சினேன். அவள் குரல் இன்னும் உயர்ந்தது: "ஏண்ணே மெல்லப் பேசணும், எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்கிறதே நீங்க போட்ட பல்லாலதானே."

நீளமான பேச்சு

அடுத்த முறை அதிகாரி மணியத்தோடு வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. எப்போது போனாலும் லயத்தில் பெண்டு பிள்ளைகள்தான் இருக்கிறார்களாம்; வேகமாகப் போய் வளைக்க வேண்டும், சின்னப் பல்லைப் போடு என்றான். சத்தமில்லாமல் மலையடிக்கு வந்துவிட்டால், மேலே நடந்துபோயே பிடித்துவிடுவான். மாட்டினால் அஞ்சலை புருஷன் சயாமுக்கு, மாட்டாவிட்டால் நான். "சின்னதுன்னா மலை ஏறாது" என்று மட்டும் முனகினேன்.

அந்த ஒரு வரிக்கு மணியம் ஜப்பான் மொழியில் நீளமாகப் பேசினார். அதிகாரி வண்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தான். பெரிய பல்லோடேயே கிளம்பிப் போய்விட்டான். அடுத்த நாள் தனியாக வந்த மணியத்திடம், அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். "மறுபடியும் தள்ளுனா கூலிங்க சிரிப்பாங்கன்னு சொன்னேன். எங்கக்கா வீட்டுக்காரரும் அந்தத் தோட்டத்துலதான்ணே இருக்காரு."

வண்டி மெதுவாகப் போனதற்காக ஒரு ரிப்பேர்காரனைக் கும்பிட்டது அந்தக் காலத்தில் மட்டும்தான். ஜப்பான்காரன் போன மறுவாரமே எல்லோரும் பழையபடி திட்ட வந்துவிட்டார்கள்.