போன பிரிண்டருக்கும் பேர் வச்சிருந்தோம்

போன செவ்வாய்க்கிழமை எங்க சங்கத்துக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிடுச்சு. வாசல்ல சாமை மூட்டை ஏத்த லாரி நிக்குது. மேற்கால மேகம் கருத்துக்கிட்டு வருது. மூட்டைக்கு ஒரு சீட்டு, அதுல வீட்டுப் பேர் அச்சாகணும். சீட்டு இல்லேன்னா கீழே ஆலங்காயம் மண்டியில மூட்டையை இறக்க விடமாட்டாங்க. இந்த லாரியை விட்டா அடுத்த வாரம்தான். எங்க குடோன் கூரையோ ஒழுகல்... நனைஞ்ச சாமையை யார் வாங்குவா?

நான் சங்கத் தலைவி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா மூட்டையைத் தைச்ச தையலைப் பார்த்தே எந்த வீட்டுதுன்னு சொல்லிடுவேன். அதை வச்சு சீட்டு குடுக்க முடியுமா?

"இன்னாடி சொல்லுது அது?" என்றேன்.

"ரெஜிஸ்ட்ரி ரொம்பிப் போச்சாம் அத்தே." சுமதி, என் தம்பி மகள். சங்கத்துல ஆபரேட்டர்.

ரொம்பினா காலி பண்ண வேண்டியதுதானே? திருவிழா போட்டோவை எல்லாம் அழிக்கச் சொன்னேன். அழிச்சாள். பெட்டி அசையலை.

நல்ல வேளை, ஆலங்காயத்து மெக்கானிக் பர்வீன் அன்னிக்குப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைப் பார்க்க ஜீப்புல மலைக்கு வந்திருந்தாள். கூட்டியாந்தோம்.

"போட்டோ வேற, இது வேறம்மா. பெட்டிக்குள்ள என்னென்ன கீது, எது எங்க கீதுன்னு அதுவே எழுதி வச்சுக்கிற நோட்டு இது. இது பழைய விண்டோஸ் இல்லியா... அதுல நோட்டு இவ்ளோதான் வளரணும்னு அளவு உண்டு."

"அளவைக் கூட்டிடு."

"கொஞ்சம் கூட்டலாம். நோட்டே மெமரியை எல்லாம் புடிச்சுக்கிட்டா, வேலை செய்ய எடம் ஏது?"

கூட்டினாள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். சீட்டு ப்ரோக்ராம் பாதி திறந்து நின்னுடுச்சு. தூரத்துல இடி.

பர்வீன் உள்ளே நோண்டிப் பார்த்தாள். "ஆறு பிரிண்டர் பேர் கீதே, எங்க?"

"ஒண்ணுதான் கீது. மத்ததெல்லாம் பழைய இரும்புக்குப் போய்ட்டுச்சு" என்றாள் சுமதி.

"தமிழ் அடிக்கவே ஒன்பது ப்ரோக்ராம். ஏன் எடுக்கலை?"

சுமதி என்னைப் பார்த்தாள். "நம்ம லிஸ்ட்ல எந்தப் பேரையும் அடிச்சு எடுக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

சொன்னது நிஜம். எங்க ஊர்ல ஆள் போனாலும் வீடு அவர் பேர்லதான் நிக்கும். மூணு தலைமுறை ஆனாலும் சங்கத்து லிஸ்ட்ல அந்தப் பேர்தான். அதைக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துப் புடிச்சுக்கிட்டாள் என் மருமகள்...

பர்வீன் சிரிக்காமல் கேட்டாள்: "பிரிண்டருக்குப் பேரன் பேத்தி யாராச்சும் கீறாங்களாம்மா?"

லாரிக்காரர் ஹாரன் அடிச்சார். முதல் தூறல் என் கையில விழுந்துச்சு.

"அடிச்சு எடும்மா" என்றேன். தலைவியான நாள்லேர்ந்து நான் சொல்லாத வார்த்தை. ஆனா ஒவ்வொரு பேரையும் சத்தமா வாசிச்சுட்டுத்தான் எடுக்கணும்னு சொன்னேன். பர்வீன் வாசிச்சாள். ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினேன். எத்தனை சீட்டு அடிச்சுக் குடுத்த பிரிண்டருங்க... மரியாதை வேணாமா?

மறுபடி ஆன் பண்ணினதும் சீட்டு கடகடன்னு வந்துச்சு. தார்ப்பாயைக் கட்டி முடிக்கவும் மழை புடிக்கவும் சரியா இருந்துச்சு. சாமை நனையாமல் மலை இறங்கிடுச்சு.

பேரை வச்சுக்கிறது நல்ல பழக்கம்தான். வேலை செய்யறவங்களுக்கு எடம் இல்லாத அளவுக்கு வச்சுக்கக் கூடாது போல.

இதை பர்வீன்கிட்ட பெருமையா சொன்னேன். அவள் பையை மாட்டிக்கிட்டே, "நீங்க எத்தனை வருசமா தலைவிம்மா?" என்றாள்.

ஜீப் கிளம்பப் போவுது, ஓடு என்றேன்.